அருணையில் ஓர் ஆடைச் சித்திரம்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பல வகையுண்டு. முக்தி வேண்டிப் போகிறவர்கள் ஒரு வகை. பௌர்ணமியன்று மலையை வலம்வரப் போகிறவர்கள் இன்னொரு வகை. மாட்டுச் சந்தைக்கும் கோர்ட்டு வாய்தாவுக்கும் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சுவரொட்டி வரைவதற்காக அந்த க்ஷேத்திரத்துக்குப் போனவர்கள், நம்மையும் நம்முடைய சித்திரக்கார நண்பரையும் தவிர, வேறு யாரேனும் உண்டா என்பது சந்தேகந்தான்.

சங்கதி இதுதான். சென்னையில் ஒரு காட்சிசாலையார், தொண்டை மண்டலத்து மக்கள் ஐந்நூறு வருஷமாக உடுத்தி வந்த ஆடைகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்த எண்ணினார்கள். அதற்குச் சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் ஆகிய மூன்றும் தயாரிக்கும் பொறுப்பு நம் நண்பர் தலையில் விழுந்தது. பொறுப்போடு கூடவே கமிட்டியாரின் நிபந்தனைகளும் விழுந்தன. சித்திரத்தில் கோபுரம் இருக்க வேண்டும். பட்டு இருக்க வேண்டும். பட்டை உடுத்திய அழகான பெண்மணி ஒருத்தி இருக்க வேண்டும். நண்பர் இரண்டே நாளில் மூன்றையும் கம்ப்யூட்டர்த் திரையில் வரைந்து விட்டார். அரக்குச் சிவப்புச் சேலை, பொன் கரை, பின்னால் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம். பார்த்தவர்கள் "பேஷ்!" என்றார்கள். நண்பருக்கு மட்டும் திருப்தியில்லை. "நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறதே! அந்த ஊரையும் கண்ணால் பார்க்கவில்லை. அந்தச் சேலையையும் கையால் தொடவில்லை. நாளைக்கே புறப்படலாம், வருகிறீர்களா?" என்று கேட்டார். நாமும் புறப்பட்டோம்.

"உடுத்துகிற துணிக்குக் கூடவா காட்சிசாலை?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக் கூடும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் காட்சிசாலையில் 2011ஆம் ஆண்டு, காலஞ்சென்ற அலெக்ஸாண்டர் மக்வீன் என்ற ஆங்கிலேய உடைக் கலைஞரின் படைப்புகளை வைத்தபோது, மூன்று மாத காலத்தில் 6,61,509 பேர் வந்து பார்த்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் 2015 அக்டோபர் முதல் 2016 ஜனவரி வரையில் இந்தியத் துணிகளுக்கென்றே ஒரு பெருங் கண்காட்சி நடந்தது. 2023ஆம் ஆண்டு பம்பாயில், இந்திய ஆடை மேனாட்டு நாகரிகத்தை எப்படியெல்லாம் மாற்றியது என்பதைக் காட்ட நூற்றுக்கு மேற்பட்ட உடைகளைத் திரட்டி வைத்தார்கள். கூட்டம் சேர்கிற இடத்தில் விளம்பரம் இல்லாமலிருக்குமா? அதிலும் இந்த ஆடை விளம்பரத்தில் ஒரு சங்கடம் உண்டு என்பதைச் செஞ்சியைத் தாண்டும்போது நண்பர் நமக்கு விளக்கினார். பழந்துணிக்கு வெளிச்சம் விரோதி. சாயமும் வெளுக்கும், இழையும் நொறுங்கும். ஆகவே காட்சிசாலைகளில் துணியின்மேல் ஐம்பது லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக் கொள்கிறார்கள். மங்கலான விளக்கொளிதான். சுவரொட்டியோ பட்டப் பகலில் கண்ணைப் பறிக்க வேண்டும். சுவரொட்டியின் பளபளப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவன், அரை இருட்டில் ஓர் எலும்பில்லாத பொம்மையின் மேல் தொங்கும் பழம்புடவையைக் கண்டு, "இதற்காகவா வந்தோம்?" என்று நினைக்காமலிருக்க வேண்டும்.

"அப்படியானால் விளம்பரம் என்பது பொய்தானே?" என்றோம்.

"அதுதான் பொய்யாக இருக்கக்கூடாது என்று பார்க்கிறேன்" என்றார் நண்பர். அதற்குள் தூரத்தில் மலை தெரிந்தது.

மலையைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2,668 அடி உயரம். ஊருக்கு எந்தப் பக்கம் போனாலும் அது கூடவே வருகிறது. கீழே இருபத்தைந்து ஏக்கர் பரப்பில் கோயில். கிழக்கு ராஜகோபுரம் பதினொரு நிலை, 217 அடி. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் எழுப்பத் தொடங்க, தஞ்சைச் சேவப்ப நாயக்கர் முடித்து வைத்தது. கோபுரத்தின் எதிரில் நின்றபடி நண்பர் தமது சித்திரத்தை எடுத்து ஒப்பிட்டார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. "இந்தக் கோபுரத்தைக் கட்டிய ராஜா என்ன உடுத்தியிருந்தார்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விடை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 1520ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த தோமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர், ராயரை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பொன் ரோஜாக்கள் தைத்த வெள்ளைத் துணியும், தலையில் ஜரிகைக் குல்லாவும் அணிந்து, காலில் செருப்பில்லாமல் ராயர் இருந்தார் என்கிறார். அந்த நீண்ட குல்லாவுக்குக் குள்ளாயி என்று பெயர். தர்பாரில் அணிந்த நீண்ட அங்கிக்குக் கபாயி என்று பெயர். இரண்டு பெயரும் நம் பெயரல்ல. ஒன்று பாரசீகத்திலிருந்தும் மற்றொன்று அரபு மொழியிலிருந்தும் வந்தவை. விஜயநகரத்துச் சபையார் சுல்தான்களோடு சண்டையிட்டுக் கொண்டே சுல்தான்களின் உடையை உடுத்தினார்கள் என்று பிலிப் வாகனர் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் 1996ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார். அதே கிருஷ்ணதேவராயர், திருமலையில் வேங்கடவன் சந்நிதியில் இரு ராணிகளோடு கைகூப்பி நிற்கும் உலோகச் சிலையில், தலையில் குள்ளாயியோடும், திறந்த மார்போடும், இடையில் வேட்டியோடும் காட்சி தருகிறார். உலகத்துக்கு ஓர் உடை, தெய்வத்துக்கு ஓர் உடை. தொப்பி மட்டும் இரண்டுக்கும் பொது!

"கமிட்டியார் கேட்ட கோபுரமும் இருக்கிறது, ராஜாவும் இருக்கிறார். சேலை கட்டிய பெண்மணிக்குப் பதிலாகக் குல்லாய் போட்ட ராஜாவைப் போட்டால் என்ன?" என்றோம். நண்பர் சிரித்தார். "நன்றாயிருக்கும். ஆனால் ராஜாவின் அங்கியில் ஒரு முழம்கூட இன்றைக்கு மிஞ்சவில்லையே! கண்காட்சியில் இல்லாத ஒன்றைச் சுவரில் போட்டு அழைப்பதா?" என்றார். அவர் சொன்னது நியாயம்.

ஆடையைப் பற்றிய அறிவிப்புப் பலகை ஒன்று கோயில் வாசல்களுக்கே வந்து போன கதையும் அப்போது நமக்கு நினைவுக்கு வந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் வேட்டி, சேலை முதலிய உடைகளில்தான் வரவேண்டுமென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஓர் உத்தரவு பிறந்து, 2016 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டுக் கோயில்களில் அமலுக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. நாம் போன அன்று பிராகாரத்தில் பட்டுப்பாவாடை, கால்சட்டை, காவி, வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் சுற்றியிருந்த எட்டுமுழ வேட்டி எல்லாம் ஒன்றையொன்று இடித்துக் கொண்டு போயின. ஐந்நூறு வருஷத்துக் கண்காட்சியை இலவசமாகப் பார்த்தது போலிருந்தது.

வெளியே கடைவீதியில் நண்பர் ஒரு கணக்கெடுக்க ஆரம்பித்தார். இந்த ஊரில் அதிகமாக அச்சாகி மாட்டப்பட்டிருக்கும் மனித உருவம் எது? ஐந்து நிமிஷத்தில் விடை கிடைத்துவிட்டது. டீக்கடை, மருந்துக்கடை, ஆட்டோவின் கண்ணாடி, ஓட்டல் கல்லா எங்கும் ஒரே முகந்தான். வெல்லிங் என்ற புகைப்படக்காரர் 1946ஆம் ஆண்டு எடுத்த ரமண மகரிஷியின் படம். வெள்ளைத் தாடி, கருணை ததும்பும் கண்கள், திறந்த தோள். படத்தில் துணியென்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை!

ஆடைக் கண்காட்சிக்கு விளம்பரம் எழுதப் போன இடத்தில் இது பெரிய பரிகாசமாகத் தோன்றியது. ஆனால் ரமணரின் சரிதையில் துணிக்கு ஓர் இடம் உண்டு. 1896 செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதுப் பையனாக மதுரையை விட்டு ஓடிவந்து இந்த ஊரில் இறங்கியவர், அய்யங்குளத்தங்கரையில் தலையை மழித்துக் கொண்டார். கட்டியிருந்த வேட்டியைக் கிழித்து ஒரு கோவணத்தை மட்டும் எடுத்துக் கொண்டு, மற்றதையும் கையிலிருந்த சில்லறையையும் பூணூலையும் அங்கேயே எறிந்துவிட்டார். பிறகு மலைக்குகையில் இருந்த நாட்களில் அந்தக் கோவணம் நைந்து கிழிந்தபோது, முள்ளையே ஊசியாக்கி, அதே துணியிலிருந்து உருவிய இழையையே நூலாக்கித் தைத்துக் கொண்டாராம். இதைக் கேட்டதும் நண்பர் அய்யங்குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "தையல்கலையில் இதற்குமேல் என்ன இருக்கிறது?" என்றார்.

மதுரைக்கும் கோவணத்துக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டென்பதை வாசகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. ரமணர் மதுரையை விட்டு வந்து இருபத்தைந்து வருஷங்கள் கழித்து, 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த மகாத்மா காந்தி சட்டையையும் தொப்பியையும் களைந்து முழங்கால் வேட்டிக்கு மாறினார். ஏழைகளுக்கு அன்னியத் துணியை விட்டுக் கதர் முழுமையாக வாங்க வசதியில்லையென்றால், இடுப்புக்கு மட்டும் போதுமென்று காட்டுவதற்காக. ஒருவர் உலகத்தை விட்டு விலகுவதற்காகத் துணியைக் குறைத்தார். மற்றொருவர் உலகத்துக்குள்ளே இன்னும் நெருங்கி வருவதற்காகக் குறைத்தார். 1959ஆம் ஆண்டு மதுரைத் தமுக்கம் அரண்மனையில் திறக்கப்பட்ட காந்தி நினைவுக் காட்சிசாலையில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரே ஓர் ஆடையைப் பார்ப்பதற்காக ஜனங்கள் வரிசையில் நின்று மௌனமாக நகருகிற இடம் அதுதான். அதற்குச் சுவரொட்டி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்று பௌர்ணமி. இரவு மலையை வலம்வரப் புறப்பட்டோம். பதினான்கு கிலோமீட்டர்; வழியில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். நண்பர் பக்தியோடு நடந்தாரோ என்னவோ, தொழிலை மறக்கவில்லை. "சுவரொட்டியைச் சாலையின் எந்தப் பக்கம் ஒட்டினால் கண்ணில் படும்?" என்று ஆராய்ந்து கொண்டே வந்தார். மலை வலப்பக்கம் இருக்கிறது; எல்லோருடைய பார்வையும் அந்தப் பக்கமே போகிறது; ஆகவே வலப்பக்கமே உசிதம் என்று முடிவு செய்தார். கூட நடந்து வந்த ஒரு கிழவர் இதைக் கேட்டுவிட்டு, "மலையோரமா தேவர்களும் சித்தர்களும் நடக்கிறாங்க. மனுஷங்க இடது ஓரமாத்தான் போகணும், சாமி" என்றார். ஆக, வலப்பக்கம் ஒட்டினால் சித்தர்கள் படிப்பார்கள். இடப்பக்கம் ஒட்டினால் மனிதர்கள் படிப்பார்கள். கண்காட்சிக்கு யார் வரவேண்டுமென்று கமிட்டியார் தெளிவாகச் சொல்லவில்லை!

அதே கிழவர்தான் நமக்கு மற்றொரு விஷயத்தையும் சொன்னார். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் ஏற்றும் தீபத்துக்கு நெய் ஆயிரக்கணக்கான கிலோ என்பது எல்லோருக்கும் தெரியும். திரி எது? காடாத் துணி. ஆயிரம் மீட்டருக்குக் குறையாத முரட்டுக் காடாத் துணி. பருவதராஜ குலத்தார் கொப்பரையையும் நெய்யையும் துணியையும் மலையேற்றிக் கொண்டு போய் ஏற்றுகிறார்கள். அன்று மாலை கீழே அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்களே தரிசனம் கொடுக்கிறார். அதே சமயத்தில் மேலே சுடர் எழும்புகிறது. பதினொரு நாள் எரிந்த பிறகு கொப்பரையில் மிஞ்சும் மையை எடுத்து ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பிறகு ஜனங்களுக்கும் கொடுக்கிறார்கள். பட்டும் பீதாம்பரமும் கீழே சந்நிதியில் இருக்க, பல காத தூரத்துக்கு ஊரை விளம்பரம் செய்வது எவரும் உடுத்த விரும்பாத அந்தக் காடாதான். "ஒரு துணி, ஓர் உயரம், எழுத்து ஒன்றுமில்லை. இதைவிடச் சிறந்த சுவரொட்டியை யார் வரைய முடியும்?" என்று நண்பர் மெய்ம்மறந்து சொன்னார். அவருடைய சித்திரத்திலிருந்த பெண்மணிக்கு அப்போதே ஆயுள் குறைந்துவிட்டது என்று நமக்குத் தோன்றியது.

மறுநாள் போளூர் வழியாக ஆரணிக்குப் போனோம். திருவண்ணாமலையிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். கண்காட்சியில் வைக்கப்போகும் புடவைகளில் சில ஆரணிப் பட்டு. இன்று பட்டுக்குப் பெயர் பெற்ற இந்த ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. அந்த மஸ்லின் எங்கே போயிற்று என்று கேட்டால், இங்கே பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு சிறு சந்தில், ஓட்டு வீட்டுக்குள் குழித்தறி. தறியில் ஒரு பெரியவர். பக்கத்தில் நூல் இழைத்துக் கொண்டு அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நண்பர் தம்மை அறிமுகப்படுத்திக் கொண்டு, பெருமையோடு சித்திரத்தை நீட்டினார். அம்மாள் கையைத் துடைத்துக் கொண்டு வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தாள். கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு புருஷரிடம் காட்டினாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மரியாதைக்காகப் பேசாமலிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

"எப்படி இருக்கிறதம்மா?" என்று நாம் கேட்டோம்.

"பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. ஆனா தம்பி, கோபுரம் தலைகீழா நிக்குதே?" என்றாள்.

நண்பர் திடுக்கிட்டார். பின்னாலிருந்த கோபுரத்தைச் சுட்டி, "நேராகத்தானே அம்மா இருக்கிறது?" என்றார்.

"அந்தக் கோபுரம் இல்லீங்க. கரையில இருக்கிற கோபுரம்."

அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, சந்திக்கும் இடத்தில் ஊடையோடு ஊடையைக் கோத்துக் கொண்டு போகிறார்கள். அப்படிக் கோக்கிற இடத்தில் கரையின் நிறம் பல்லுப் பல்லாக, சிறு சிறு கோபுரமாக, உடலுக்குள் ஏறும். ரேக்கு என்பது அதுதான். சேலையை உடுத்தினால் கீழ்க்கரையிலுள்ள கோபுரங்கள் வரிசையாக மேல் நோக்கி நிற்கும். நம் நண்பரோ பற்களைத் துணியின் ஓரத்தைப் பார்க்கத் திருப்பி வரைந்திருந்தார். 217 அடிக் கோபுரத்தைக் கல் பிசகாமல் வரைந்தவர், அரை அங்குலக் கோபுரங்களை வரிசை முழுதும் கவிழ்த்துவிட்டார். இதைக் கமிட்டியாரும் கவனிக்கவில்லை, "பேஷ்" என்று சொன்னவர்களும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை.

"இப்படி ஒரு சேலை உலகத்துல யாரும் நெஞ்சதில்ல தம்பி" என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் நல்ல தொழிலாளி. உடனே தரையில் உட்கார்ந்து, தறியிலிருந்த துணியைப் பார்த்து வரைய ஆரம்பித்தார். பொன் நிறம் அச்சில் சரியாக விழாது என்ற கவலையும் அவருக்கிருந்தது. நாலு வண்ண அச்சில் ஜரிகை கடுகுப் பொடி நிறமாகிவிடும். தனியாகப் பொன் மை ஐந்தாவதாக ஓட்டினால்தான் உண்டு. அரக்கு நிறமும் பழுப்படித்துப் போகும். அச்சுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்.

அம்மாள் தயங்கினாள். துண்டுக்காக அல்ல. "படம் புடிச்சிக்கினு போறாங்க. ஒரு மாசத்துல அதே கரை விசைத்தறியில வந்துடுது. கால் வெலைக்கு விக்கிறான். நாங்க அப்புறம் எத்த நெய்யறது?" என்றாள். தறியிலிருந்த கரையில் ரேக்குக்குக் கீழே ஒரு பூவேலை இருந்தது. அது அவர்கள் குடும்பத்தில் தாங்களே கூட்டியது என்றும் சொன்னாள்.

அந்த அம்மாளுக்குத் தெரியாது, அவள் பயத்துக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டென்பது. 1866ஆம் ஆண்டு லண்டனில் இந்தியா ஆபீஸைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர் ஒரு விசித்திரமான புஸ்தகம் வெளியிட்டார். பதினெட்டுத் தொகுதி, 700 துணிகள். படமல்ல, துணியையே வெட்டி ஒட்டியிருந்தார். எந்த ஊர், எவ்வளவு நீளம், என்ன எடை, என்ன விலை, எப்படி உடுத்துகிறார்கள் என்று பக்கத்திலேயே குறிப்பு. மொத்தம் இருபது பிரதிகள். பதின்மூன்று பிரிட்டனுக்கு, ஏழு இந்தியாவுக்கு. ஒவ்வொரு பிரதியையும் ஒரு தொழிற் காட்சிசாலை என்றே அவர் சொன்னார். காட்சிசாலை யாருக்கு? இந்தியன் எதை விரும்பி உடுத்துகிறான் என்று அறிந்து அதையே இயந்திரத்தில் நெய்து இந்தியனுக்கே விற்க நினைத்த மாஞ்செஸ்டர் முதலிய ஊர்களின் ஆலைக்காரர்களுக்கு! நெய்தவன் பெயர் அந்தப் பதினெட்டுத் தொகுதியில் தேட வேண்டாம். விளம்பரமும் காட்சிசாலையும் ஒன்றுசேர்ந்து நெசவாளி வயிற்றில் அடித்த கதையை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. அந்தத் துணித் துண்டுகள் மட்டும் இன்றும் மங்காமல் பளபளவென்று இருக்கின்றன. புஸ்தகத்துக்குள்ளேயே இருந்ததால் வெளிச்சம் படவில்லை.

நண்பர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா! உங்கள் பூவேலையை நான் போடவில்லை. ரேக்கை மட்டும் போடுகிறேன். அது ஊருக்கே பொதுத்தானே?" என்றார். அம்மாள் தலையை அசைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தறியிலிருந்து அறுத்தெறிந்த நுனித் துண்டு ஒன்றைப் பூவேலை இல்லாத பக்கமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். காப்பியும் வந்தது. புறப்படும்போது, "அழைப்பிதழ்ல யார் யார் பேரு போடுவீங்க?" என்று கேட்டாள். திறந்து வைப்பவர், தலைமை வகிப்பவர், பணம் கொடுத்த கம்பெனிகள் என்று நண்பர் வரிசையாகச் சொல்லிக் கொண்டு வந்து நடுவில் நிறுத்திவிட்டார். அம்மாள் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் ராட்டினத்தின் முன் உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் நண்பர் ஹரிபுராவைப் பற்றியே பேசினார். 1938 பிப்ரவரியில் குஜராத்திலே தபதி நதிக்கரைக் கிராமமான ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பந்தல்களை அலங்கரிக்கக் காந்திஜி சாந்திநிகேதனத்து நந்தலால் போஸை அழைத்தார். கைக் காகிதம், மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த வர்ணம். நந்தலால் எண்பதுக்கு மேற்பட்ட சித்திரங்கள் தீட்டினார். சீடர்கள் அவற்றைப் பிரதியெடுத்துப் பந்தல் வாசல்களில் மாட்டினார்கள். அவற்றில் தலைவர்கள் இல்லை. பஞ்சு அடிக்கிறவன், துணி தைக்கிறவன், நூல் நூற்கிறவள், தோல் வேலை செய்கிறவன், மத்தளம் அடிக்கிறவன் இவர்களே இருந்தார்கள். மாநாட்டுக்கு வந்த கிராமத்தார் வாசலிலே தங்களையே பார்த்துக் கொண்டு உள்ளே போனார்கள். மூங்கில் தட்டியில் மாட்ட வரைந்த அந்தச் சுவரொட்டிகள் புதுடில்லி நவீனக் கலைக்கூடத்துக்குப் பொக்கிஷமாகி, 2019ஆம் ஆண்டு இத்தாலியில் வெனிஸ் நகரத்துக் கலைவிழா வரைக்கும் போய்வந்தன. "நந்தலால் பாபு கைவேலைக்காரனை வரைந்தபோது கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வரைந்தார். நான் பற்களைக் கவிழ்த்து வைத்தேன்" என்று நண்பர் நொந்து கொண்டார். நாம் ஆறுதல் சொல்லவில்லை; சொன்னால் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

பத்து நாளில் புதிய சுவரொட்டி தயாராயிற்று. பெண்மணி இல்லை. ராஜகோபுரம் இல்லை. காகிதம் முழுவதும் மேலிருந்து கீழ்வரை, காடாவின் வெளுக்காத நிறத்தில் ஒரு துணி; இழைகூடத் தெரிகிறது. அடியில் மட்டும் அரக்குக் கரை, பொன்மை ஓட்டிய ரேக்கு, மேல் நோக்கி. எழுத்து தமிழில் பெரிதாக, நடந்து போகிறவன் நிற்காமல் படிக்கும் அளவில். கீழே ஒரு வரியில் ஆரணி என்ற ஊரின் பெயரும், அந்தத் தம்பதியின் பெயரும். அவர்கள் சம்மதத்தைப் போனில் கேட்டுக் கொண்டே போட்டிருந்தார்.

கமிட்டிக் கூட்டத்துக்கு நாமும் கூடப் போயிருந்தோம். வெகுநேரம் மௌனம். பிறகு ஒருவர், "கோபுரம் வேண்டுமென்று சொல்லியிருந்தோமே! எங்கே?" என்றார்.

"கரையில் நாற்பத்தொன்று இருக்கின்றன. எல்லாம் நேராக நிற்கின்றன" என்றார் நண்பர்.

ஒரு பெரிய மனிதர் தமது கண்ணாடியைப் போட்டுக் கொண்டு நிஜமாகவே எண்ணிப் பார்த்தார். அந்தப் பெயர் வரி விஷயத்தில்தான் தகராறு வந்தது. பணம் கொடுத்த கம்பெனிகளின் முத்திரைகளுக்கு அந்த இடம் வேண்டுமாம். அரைமணி வாதத்துக்குப் பிறகு, சித்திரக்காரர் தமது கையெழுத்தை எடுத்துவிட்டால் அந்த அளவு இடத்தில் பெயரைப் போட்டுக் கொள்ளலாமென்று தீர்ப்பாயிற்று. நண்பர் கையெழுத்தை எடுத்துவிட்டார். எழுத்து சற்றுப் பொடியாகத்தான் விழுந்தது. ஆனால் படிக்க முடிகிறது.

ஐந்நூறு பிரதிகள் அச்சாகிச் சென்னையிலும் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் ஒட்டினார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய கடைகளில் இடது பக்கமாகவே கொடுக்கச் சொன்னார் நண்பர். இரண்டு பிரதிகளை உருட்டிக் குழலில் வைத்து ஆரணிக்கும் அனுப்பினார். நாலாம் நாள் நாம் அவர் வீட்டில் இருக்கும்போது போன் வந்தது. அந்த அம்மாள்தான்.

"தறிக்கு எதிர்ச் சொவத்துல ஒட்டியிருக்கோம். எங்க பேரு நல்லா தெரியுது. ஆனா தம்பி, எண்ணிப் பாத்தேன். வலது ஓரத்துல ஒரு பல்லு கொறையுதே?"

"தெரியும் அம்மா. வேண்டுமென்றுதான் விட்டேன்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரிப்புக் கேட்டது. "அப்படியா சேதி! பாத்து நெய்யறவன் தறியில குந்திக்கினு முழிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்மாள் அதைத் தன் புருஷரிடம் உரக்கச் சொல்வதும் நமக்குக் கேட்டது.